நாற்பத்துமூன்று குருசம்மாள்கள்

ஜூலை மூன்றாம் தேதி காலையில் எங்கள் பென்ஷன் குழுவில் உள்ள நாற்பத்துமூன்று பேரின் வலது பெருவிரல் ரேகையும் அழிந்து, அந்த இடத்தில் குருசம்மாளின் ரேகை வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வந்தது, அவ்வளவுதான்.

குழு என்றால் போனில் உள்ள வாட்சப் குழு. மேலக்காட்டுவிளையில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள், புருஷன் செத்த பென்ஷன் வாங்குகிறவர்கள், கை கால் முடியாத பென்ஷன் வாங்குகிறவர்கள் என்று அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்திருக்கிற எல்லோரையும் சேர்த்து, தையல்கார வேதமணி மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. பெயர் 'ஒருவருக்கொருவர் கைத்தாங்கல்'. வேதமணிக்கு ஒரு கால் சிறுவயதிலேயே போலியோவில் போனது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் அவன் ஒரு ரோஜாப்பூப் படம் போடுவான், அதற்கு எல்லோரும் பெருவிரல் படம் போடுவோம். ஒருத்தி முட்டு வலி என்று எழுதுவாள், அதற்கும் பெருவிரல் போடுவோம். ஒருத்தர் மகன் சோறு தரவில்லை என்று எழுதுவார், அதற்கும் பெருவிரல். என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு ஒன்பது வருடம் என்று ஒருத்தி எழுதினாள், அதற்கும் போட்டோம், முப்பத்தெட்டுப் பேர் போட்டோம், அவளும் நன்றி என்று சொல்லித் தன் பங்குக்கு ஒரு பெருவிரல் போட்டாள்.

ஒன்றை மட்டும் யாரும் எழுதமாட்டோம். பென்ஷன் எப்படிக் கிடைத்தது என்பதை. எங்கள் ஊரில் அது ஒரு பயம். எந்த ஜன்னலில் நின்றோம், எந்தப் பேப்பரைக் கொடுத்தோம், எந்தக் கிழமை போனால் ஆபீசில் ஆள் இருக்கும் என்பதை வெளியே சொல்லிவிட்டால், சொன்ன மாதமே சொன்னவனுடைய பென்ஷன் நின்றுவிடும் என்று பயம். யாருக்கும் அப்படி நின்றதில்லை. யாரும் சொன்னதும் இல்லை. அதனால் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் பயம் தலைமுறையாகப் பெருத்து வந்தது.

இந்தக் குழுவில்தான் குருசம்மாள் மார்ச் மாதம் ஒரு கேள்வி கேட்டாள்.

குருசம்மாளுக்கு அறுபத்தொரு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருபத்தொன்பது வருடம் அண்டியாபீசில் அண்டி உடைத்தவள். அண்டி என்கிற முந்திரிக் கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு, அது தோலைத் தின்னும். அவள் பத்து விரலையும் தின்றுவிட்டது. சோப்புத் துண்டு மாதிரி இருக்கும் விரல்கள், ஒரு கோடு கிடையாது. பழைய மெஷின் இருந்தவரை எப்படியோ தட்டிக்கொட்டிக் கொடுத்தார்கள். புது மெஷின் வந்தது. விரலை வைத்தால் அதுவே ஆளின் பெயரைச் சொல்லும். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் நின்றது. அவள் எழுதினாள்: 'விரலில் ரேகை இல்லை என்று மெஷின் சொல்கிறது. பென்ஷன் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், யாருக்காவது தெரியுமா?'

நாற்பத்துமூன்று பேரும் பெருவிரல் போட்டோம். நானும் போட்டேன். கண்ணாடி இல்லாமல் போட்டேன். கண்ணாடி இருந்திருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

அவள் மறுபடி எழுதவில்லை. நான்கு மாதம் கடந்தது. ஜூலை மாதம் சரிபார்ப்பு மாதம் என்று அறிவித்தார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் மெஷினில் விரல் வைத்து நான்தான் என்று காட்டாதவர்களின் பெயரைப் பட்டியலில் வெட்டிவிடுவார்களாம். வெட்டினால் குருசம்மாள் தக்கலைப் பக்கம் உள்ள தம்பி மரியலூயிஸ் வீட்டுக்குப் போய்த்தான் இருக்க வேண்டும். தம்பி பெண்டாட்டி அடுக்களைக்குப் பின்னால் கட்டில் போட்டாகிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தாள். குருசம்மாள் அந்தக் கட்டிலை நினைத்துத் தூங்காமல் இருந்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போது மூன்றாம் தேதி வந்தது.

மெஷின் கொண்டு வருகிற பெண் பெயர் ஷீபா. பால் சொசைட்டி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் ஆளாக வேதமணி விரலை வைத்தான்.

"குருசம்மாள், வயசு அறுபத்தொண்ணு" என்று படித்தாள் ஷீபா.

"பிள்ளே, சரியாப் பாரு."

"நான் என்னத்தப் பாக்க அண்ணாச்சி? அது சொல்லுது, நான் வாசிக்கேன். வெரலத் தொடச்சிட்டு வையுங்க."

துடைத்து வைத்தான், குருசம்மாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தான், குருசம்மாள். ஜெபம் சொல்லி வைத்தான், அப்போதும் குருசம்மாள். அடுத்து நின்ற லில்லிபாயும் குருசம்மாள், அவளுக்கு அடுத்து நின்ற ராஜையனும் குருசம்மாள். எனக்கு வயது எழுபத்துநான்கு, பெரிய மீசை உண்டு. நானும் குருசம்மாள்.

மத்தியானம் குருசம்மாளே வந்தாள்.

"எக்கா, நீங்க காலத்தே இருந்து இருவத்திரண்டு மட்டம் வந்துட்டுப் போயிட்டிய" என்றாள் ஷீபா.

"நான் இப்பம்தான் வாறேன் மக்களே."

"செரி, வையுங்க."

வைத்தாள். மெஷின் பீப் என்று சத்தம் போட்டது. ரேகை இல்லை. வேறு ஆளைக் கூப்பிடவும்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் குருசம்மாளைத் தவிர எல்லோரும் குருசம்மாள்.

இதைப் படிக்கிறவர்கள் ஊர் அலறியடித்து ஓடியிருக்கும் என்று நினைப்பீர்கள். யாரும் ஓடவில்லை. முட்டுவலிக்காரர்கள் எங்கே ஓட? வேதமணி அன்று சாயங்காலம் குழுவில் 'நம் அனைவரின் ரேகையும் மாறிவிட்டது, கலங்க வேண்டாம்' என்று எழுதினான். நாற்பத்திரண்டு பேர் பெருவிரல் போட்டோம். மறுநாள் சாயாக்கடை சுகுமாரன் என்னைப் பார்த்து, "குருசம்மா, சீனி போடணுமா?" என்றான். பாதிச் சீனி என்றேன். இரண்டு நாளில் பழகிவிட்டது. தெருவில் ஒருவன் குருசம்மா என்று கூப்பிட்டால் ஆறேழு கிழவர்கள் திரும்பிப் பார்ப்போம், கூப்பிட்டவனுக்கு யார் வேண்டுமோ அவன் நிற்பான், மற்றவர்கள் நடப்போம்.

போன்கள்தான் கஷ்டப்படுத்தின. எல்லோரும் விரல் வைத்துத் திறக்கிற போன் வைத்திருந்தோம், இப்போது எவன் விரலுக்கும் எவன் போனும் திறந்தது. ராஜையனின் போனை அவன் பெண்டாட்டி கமலபாய் திறந்தாள். அவளும் குழுவில் உள்ளவள். திறந்து இரண்டு மணிக்கூர் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"நாலு வருசமாட்டு ராவும் பகலும் பூட்டிப் பூட்டி வச்சிய. உள்ள ஒண்ணுமே இல்லியே. பலாப்பழத்துக்க படம் ஒண்ணு இருக்கு. இதுக்கா நான் இத்தன நாளும் கெடந்து நீறுனேன்?"

ராஜையன் வெட்கத்தில் மூன்று நாள் வெளியே வரவில்லை. ரகசியம் இல்லாத ஆள் என்று தெரிந்தபின் மனிதன் எப்படி வெளியே வருவான்.

பலாப்பழம் என்றதும் நினைவு வருகிறது. பஞ்சாயத்துக்காரர் வீட்டுப் பலாவில் எவனோ பழம் வெட்டி, அரிவாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். போலீஸ் பொடி தூவிப் பார்த்தது. குருசம்மாள் என்று வந்தது. ஏட்டு அவள் வீட்டுக்கு வந்தார். அவள் பத்து விரலையும் அவர் மூக்குக்கு முன்னால் விரித்தாள். ஏட்டு கொஞ்ச நேரம் பார்த்தார், ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். பழம் வெட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். படம் எடுத்து வைத்திருந்தானே.

இந்தக் குழப்பத்தில் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள், கிழக்கே வீட்டுத் தங்கபாய். அவளும் அண்டியாபீஸ்காரிதான், குருசம்மாளுக்கு அடுத்த பலகையில் இருந்து உடைத்தவள். அவள் விரல்களையும் எண்ணெய் தின்று ஏழு வருடம் ஆகிறது. இப்போது வலது பெருவிரலில் திடீரென்று ரேகை முளைத்துவிட்டது. யாருடைய ரேகையாக இருந்தால் என்ன? போனைப் பூட்டுவாள், விரல் வைத்துத் திறப்பாள், சிரிப்பாள், மறுபடி பூட்டுவாள். கோலமாவைத் தொட்டு வெள்ளைச் சுவரில் விரலை அமுக்கி, பதிந்த கோடுகளைக் கிட்டே போய்ப் பார்ப்பாள். ரேகையே இல்லாத ஏழு வருடம் இவள் எப்படிப் பென்ஷன் வாங்கினாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மாதம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் நாற்பத்துமூன்று பேரின் பெயருக்கு நேராகவும் ஒன்றும் பதியவில்லை. இருபதாம் தேதி வேதமணிக்கு உறைத்தது. இப்படியே போனால் மாதக் கடைசியில் எல்லோர் பெயரையும் வெட்டிவிடுவார்கள். அவன், நான், தங்கபாய் மூன்று பேரும் குருசம்மாள் வீட்டுக்குப் போனோம். அவள் முற்றத்தில் இருந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, எங்க வெரல திருப்பித் தரணும்" என்றான் வேதமணி.

"நான் எப்பம் எடுத்தேன்? நீங்களாட்டு அனுப்பித் தந்ததாக்கும்." போனை எடுத்துக் காட்டினாள். கேள்வியும், அதன் கீழே நாற்பத்துமூன்றும். "பேரு பேரா இருக்கு, பாரு. மீசக்காரருக்க பேரும் இருக்கு."

நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அது ஆறுதலுக்குப் போட்டது எக்கா" என்றான் வேதமணி.

"எனக்கு ஆறுதல் கிடக்கட்டும். எந்த ஜன்னல்ல போய் நிக்கணும்? அத சொல்லு."

வேதமணி தன் காலைப் பார்த்தான். நான் கூரை ஓட்டைப் பார்த்தேன். தங்கபாய் மரச்சீனித் தோலைப் பார்த்தாள்.

"மரியலூயிசுக்க பெஞ்சாதியப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்றாள் குருசம்மாள், கத்தியை நிறுத்தாமல். "அவ அடிக்கமாட்டா, ஏசமாட்டா. சோறு தருவா. ஒரு கரண்டி போட்டதும், 'இன்னும் வேணுமா'ன்னு கேப்பா. அந்தக் கேள்விய நான் சாவுற வர நாளைக்கு மூணு நேரம் கேக்கணும். எனக்கு வய்யாது. இந்த மரச்சீனிய எப்பம் திங்கணும், எவ்வளவு திங்கணும்னு நானாட்டுத் தீருமானிக்கணும். பென்சன் அதுக்காக்கும்."

தங்கபாய் எழுந்து முதலில் போய்விட்டாள்.

வேதமணி சும்மா இருக்கிறவன் இல்லை, அதுதான் அவனிடம் உள்ள கோளாறு. வீடு போகும் வழியிலேயே ஒரு யோசனை கண்டுபிடித்தான். எல்லோர் விரலும் குருசம்மாள் என்றால், அவளுக்குப் பதிலாக நாமே தாலுகா ஆபீசில் போய் விரல் வைத்துவிட்டால் என்ன? மறுநாள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோக்களில் போனான். பதினொரு பேரும் வரிசையில் நின்று, முறையாக, மரியாதையாக, ஒருவர் பின் ஒருவராக விரல் வைத்தார்கள். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்க இந்த மாசத்துல இதுவரைக்கும் நூத்தி நாலு தடவை உயிரோட வந்திருக்காங்க" என்றார். "எங்க விதிப்படி ஒரு தடவை போதும். இது சந்தேகத்துக்கு இடமா இருக்கு. ஃபைலை நிறுத்தி வைக்கணும்."

நிறுத்தி வைத்தார். இதுவரை குருசம்மாளுக்குப் பென்ஷன் மட்டும்தான் இல்லை. எங்கள் உதவியால் இப்போது ஃபைலும் இல்லை. அவள் துணிகளைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள் என்று லில்லிபாய் வந்து சொன்னாள். இரண்டு கோழியைச் சுகுமாரனுக்கு விற்றுவிட்டாள் என்றும் சொன்னாள். வேதமணி குழுவில் ஒரு அழுகிற முகம் போட்டான். நாற்பத்திரண்டு பேர் பெருவிரல் போட்டார்கள் என்று சொன்னால் பொய். முப்பத்தொன்பது. நான் போடவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன்.

இருபத்தேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு வேதமணியின் தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்திருந்தேன். வேதமணி சாயா குடிக்கப் போயிருந்தான். அவன் சாயா குடிக்கப் போனால் ஒரு மணிக்கூர் ஆகும். அவன் போன் தையல் மெஷின் மேல் சார்ஜில் கிடந்தது. தங்கபாய் வந்தாள். ரவிக்கை வாங்க வந்தவள். ரவிக்கையைக் கேட்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓய்" என்றாள். "நீரு ஒண்ணும் பாக்கல்ல, கேட்டீரா?"

"நீ இன்னும் ஒண்ணும் செய்யல்லியே."

"செய்யப் போறேன்."

போனை எடுத்து விரலை வைத்தாள், திறந்தது. ஸ்டூலில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தத் தொடங்கினாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. வழியில் ஒரு லாரி போனது, திரும்பியும் வந்தது, அவள் இன்னும் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குப் போன் இல்லியா?" என்றேன்.

"என் போன்ல இருந்து போனா என் பென்சன்லா நிக்கும். வேதமணிக்க பென்சன் நின்னா நிக்கட்டு. அவனுக்குத் தையல் உண்டு."

நியாயம்தான். நான் எழுந்து பின்னால் நின்று பார்த்தேன். அவள் குழுவைத் திறந்து, மார்ச் மாதம் வரை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், ரோஜாப்பூக்களையெல்லாம் தாண்டி, குருசம்மாளின் கேள்வியைப் பிடித்து, அதற்கு நேராகப் பதில் எழுதியிருந்தாள்:

'புதன்கிழமை போ. பத்தரைக்குப் போ. முன்னால உள்ள வரிசையில் நிக்காதே. பின்பக்கம் நெல்லிமரத்துக்குக் கிட்ட மூணாவது ஜன்னல். கண் வச்சுப் பாக்கிற மெஷின் வேணும்னு கேளு. இல்லன்னு சொல்லுவாங்க. தேர்தல் பெட்டி வச்சிருக்கிற அலமாரியில் கீழ்த்தட்டில் பச்சைத் துணி மூடி இருக்கு. அதை எடுக்கிறது வரை அங்கேயே நில்லு. ஆதார், பாஸ்புக், போட்டோ ரெண்டு. கண்ணுக்கு எண்ணெய் கேடு கிடையாது.'

எழுதி முடித்துவிட்டாள், அனுப்பவில்லை. வலது பெருவிரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கோடுகள் சுற்றிச் சுற்றி நடுவில் போய் நின்றன. மூன்று வாரமாக அதைப் பார்த்து முடிக்கவில்லை அவள்.

"இது போயிரும், என்னா?" என்றாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போவும். அவ காரியம் நடந்தா இது அவகிட்டப் போயிரும்." பெருவிரலை மடக்கிக்கொண்டாள். "இருவது வருசம் அடுத்த பலகையில இருந்தேன். கஞ்சிக்கு ஊறுகா கொண்டு வருவா. எனக்கும் சேத்தாக்கும் கொண்டு வருவா. ஒருக்கா கூட இன்னும் வேணுமான்னு கேட்டது இல்ல. கொட்டித் தந்துட்டுப் போவா."

அனுப்பினாள். போனைத் துடைத்து இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தாள். ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனாள்.

இருபத்தெட்டாம் தேதி, புதன்கிழமை, பத்தரை மணி, நெல்லிமரம், மூன்றாவது ஜன்னல். குருசம்மாள் போனாள். கட்டிய சாக்கையும் கையோடு கொண்டு போனாள், காரியம் நடக்காவிட்டால் அங்கிருந்தே தக்கலை பஸ் ஏற. கண் மெஷின் இல்லை என்றார்கள். அலமாரி, கீழ்த்தட்டு, பச்சைத் துணி என்றாள். சாவி இல்லை என்றார்கள். இருக்கிறேன் என்று சாக்கின் மேல் உட்கார்ந்தாள். சாவி வந்தது. ஏழு வருடத்தில் இரண்டாவது ஆளுக்காக அந்த மெஷின் வெளியே வந்தது, ஒரு பல்லிமுட்டை ஒட்டியிருந்தது, தட்டிவிட்டு அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்கள். அது பார்த்தது, அவளும் பார்த்தாள்.

குருசம்மாள், வயது அறுபத்தொன்று.

"ஆமா" என்றாள் அவள்.

அந்த நிமிடத்தில் ஊரில் நாற்பத்துமூன்று பெருவிரல்கள் அரித்தன. நான் சாயாக்கடையில் இருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு எல்லோரும் சொறிந்தோம், நன்றாக, கண்ணை மூடிச் சொறிந்தோம், சொறிந்து முடித்துப் பார்த்தபோது அவரவர் கோடு அவரவரிடம் வந்திருந்தது. கமலபாய் ராஜையனின் போனை எடுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. அவளுக்கு நிம்மதி. மறுபடி சந்தேகப்படலாம். மீதி மூன்று நாளில் ஷீபா எல்லோரையும் சொந்தப் பெயரில் பதிந்து முடித்தாள். மரியலூயிசின் பெண்டாட்டி கட்டிலில் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. நிறுத்தி வைத்த ஃபைல் திறந்து குருசம்மாளுக்குப் பென்ஷன் வந்தது, இரண்டு கோழியையும் திரும்ப வாங்கினாள். சுகுமாரன் ஒன்றைத் தின்றிருந்தான், அதனால் வேறொன்று கொடுத்தான்.

வேதமணிதான் பதில் எழுதியவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முதல் நாள், நான் இல்லை என்றான். இரண்டாம் நாள், எனக்கு நினைவில்லை என்றான். மூன்றாம் நாள், எழுதும்போது கை நடுங்கியது என்றான். சுதந்திர தினத்தன்று பால் சொசைட்டி வராந்தாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பயத்தை முதலில் உடைத்தவன் என்று பேசினார்கள். அவனுடைய பென்ஷனும் நிற்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு லில்லிபாய் தன் ஜன்னலைக் குழுவில் எழுதினாள், ராஜையன் தன் பேப்பர்களை எழுதினான், இப்போது அந்தக் குழுவில் ரோஜாப்பூ போட இடமில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பொன்னாடை போர்த்தியபோது தங்கபாய் மூன்றாவது வரிசையில் இருந்து கைதட்டினாள். அவள் பெருவிரல் மறுபடி சோப்புத் துண்டாகிவிட்டது. போனைத் திறக்க எண் குத்துகிறாள், அடிக்கடி மறந்துபோகிறாள், பேத்தியைக் கூப்பிடுகிறாள். அவளிடம் போய், சொல்லிவிடட்டுமா என்றேன். "வாய வச்சிட்டுச் சும்மா கிடையும்" என்றாள். இரண்டு மாதம் கிடந்தேன். வேதமணி பொன்னாடையோடு போட்டோ எடுத்துத் தினமும் காலையில் குழுவில் போடுகிறான். ஒரு மனிதன் எத்தனை நாள் பார்ப்பான்? எனக்கு வயது எழுபத்துநான்கு, பென்ஷன் நின்றால் நிற்கட்டும். அன்று அந்த ஸ்டூலில் இருந்து, எழுத்தைத் தேடித் தேடிக் குத்தி, ரேகையை விட்டுக்கொடுத்து, குருசம்மாளுக்கு வழி சொன்னது கிழக்கே வீட்டுத் தங்கபாய்.